மெலிந்துகொண்டே வந்த வில்

என் மகளுக்கு நான் செய்து கொடுத்த வில் மூன்று துண்டுகளாகக் கழலும். நடுவில் கையால் பிடிக்கும் கட்டை, அதற்கு மேலும் கீழும் வளைகிற இரண்டு பட்டைகள். போல்ட்டுகளைத் திருகினால் பூட்டிவிடலாம். திருப்பித் திருகினால் கழற்றிப் பள்ளிக்கூடப் பையிலேயே வைத்துவிடலாம். அப்படித்தான் வேண்டும் என்று முடிவு செய்தவள் அவள் இல்லை, நான். ஆளுயர வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் யார் யார் என்னென்ன பேசுவார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே காதில் கேட்டுவிட்டது. என் பயங்கள் எப்போதும் அப்படித்தான். காரியம் நடப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கழலும் வில்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பட்டைகளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போகலாம். சொந்தக்காரியின் மேசையில் கைப்பிடிக் கட்டை அப்படியே இருக்கும். வில் வீட்டில்தான் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். வில்லின் பலம் முழுவதும் வேறொருத்தியின் கைப்பையில் போய்க்கொண்டிருக்கும்.

குயிலாப்பாளையத்தை ஒட்டிய ஒரு மரச்சாமான் பட்டறையில் நான் கணக்குப் பார்க்கிறேன். என் அறைக்கும் இழைப்பு மேசைகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல்தான். பல வருஷமாக அந்த ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே மரத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. முதலில் ஒரு சப்பாத்திப் பலகை செய்தேன். பிறகு மகளுக்குப் புத்தக அலமாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மூலையில் இருக்கும் மேசையைப் பயன்படுத்திக்கொள்ள முதலாளி சம்மதித்திருந்தார். வில் செய்வேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

வீடு மரக்காணத்தில். என் கணவர் உப்பளத்தில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். எங்களுக்கு ஒரே மகள், பதினொன்றாம் வகுப்பு. கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு மைதானத்தில் சனிக்கிழமைகளில் வில்வித்தை சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தோழியோடு சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள், திரும்பி வரும்போது விரல்கள் சிவந்து வந்தாள். அதுவரை எதிலும் ஒரு மாதத்துக்கு மேல் நிலைக்காதவள் இதில் நிலைத்துவிட்டாள். மைதானத்தில் இருந்த சில வில்களை எல்லாப் பிள்ளைகளும் மாற்றி மாற்றித்தான் பிடிக்க வேண்டும். நன்றாக வருகிற பிள்ளைகள் விடுதியில் தங்கித் தினமும் பயிற்சி எடுக்கலாம் என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பியிருந்தார். விடுதி என்ற சொல்லைக் கேட்டதுமே கேள்விகள் வந்து உட்கார்ந்துகொண்டன. யார் சமைப்பார்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குமா, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே சொல்லிவிட்டேன்: "வீட்லயே இருந்து பழகு. வில்ல நான் செஞ்சு தர்றேன்."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீயா? தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தவே கிணத்தடிக்கு ஓடுவே."

அவள் அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பயந்துதான் செய்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. மகள் வீட்டை விட்டுப் போகாமல் இருக்க ஒரு வில்.

கைப்பிடிக்குப் பட்டறையில் மிஞ்சிக் கிடந்த பூவரசங்கட்டை ஒன்று கிடைத்தது. பட்டைகளுக்கு மூங்கில். முற்றிய மூங்கிலைப் பிளந்து, கணுக்களைச் சீவி, மெல்லிய தகடுகளாக இழைத்து, இரண்டு இரண்டாக எபாக்சிப் பசை தடவி ஒட்டவேண்டும். வளைவாக வெட்டிய ஓர் அச்சுக்கட்டையின் மேல் அவற்றைப் படுக்கவைத்து, பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றினேன். எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் இருக்கும். பசை இறுக மற்ற ஊரைவிட அதிக நேரம் விடவேண்டும் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் முழுவதும் ரசீதுகளுக்கு நடுவே எழுந்து எழுந்து போய், டியூப் சுற்றிய கட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிரசவ அறைக்கு வெளியே நிற்பதைப்போல இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஒட்டி முடித்த பட்டைகளைச் சீராக வளையவைப்பதுதான் பெரிய வேலை. பூட்டிய வில்லைச் சுவரில் அடித்த ஒரு முளையில் மாட்டி, நாணைக் கயிற்றால் கீழே இழுத்து, எட்ட நின்று பார்க்கவேண்டும். மேல் பட்டையும் கீழ் பட்டையும் ஒரேபோல வளைய வேண்டும். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே உள்பக்கம் கொஞ்சம் சுரண்ட வேண்டும். எங்கள் பட்டறையில் அதற்கு உடைந்த கண்ணாடிச் சில்லைத்தான் பயன்படுத்துவார்கள். சில்லின் விளிம்பை மூங்கிலின் மேல் சாய்த்து இழுத்தால் சுருள் சுருளாகத் தூள் வரும். ஒரு தாளின் கனம்கூட இருக்காது. ஆனால் அந்த அளவுக்கே வில் தளர்ந்துவிடும். ஒரு தடவை எடுத்ததை ஒட்டவைக்க முடியாது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினேன்.

பயிற்சியாளர் அவள் உயரத்துக்கும் வயதுக்கும் சொல்லியிருந்த பலத்துக்கு வில் வந்து சேர்ந்ததைக் கணவரின் கொக்கித் தராசில்தான் அளந்தோம். நாணைக் கொக்கியில் மாட்டி அவர் இழுத்தார், நான் எண்ணைப் படித்தேன், மகள் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சரியாக இருந்தது. "உங்கம்மா கோவத்தவிட கொஞ்சம் கம்மிதான்" என்றார் கணவர். மகளே உப்புத்தாள் போட்டு வில் முழுவதும் தேய்த்தாள். முதல் பூச்சு வார்னிஷ் அடித்தபோது மூங்கிலின் நார்கள் ஒவ்வொன்றாகத் தேன் நிறத்தில் எழுந்து வந்தன. என் வாழ்க்கையில் நான் செய்த பொருட்களில் இதுதான் அழகானது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதல் அம்பு விட உப்பளத்துக்குப் போனோம். உப்பு வாருகிறவர்கள் விடியலில் வந்து வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு பாத்திகளில் ஆள் நடமாட்டம் இருக்காது. கோணியில் தேங்காய் நாரை அடைத்து ஒரு குறி தயார் செய்திருந்தோம். அதைக் கரையோரம் குவித்து வைத்திருந்த உப்புக் குவியலின் மேல் சாய்த்து வைத்தோம். ஆளைவிட உயரமான குவியல், மேலே கீற்று வேய்ந்தது. குறி தப்பினாலும் அம்பு உப்பில் சொருகி நிற்கும் என்பது எங்கள் யோசனை. உப்பளத்தில் வாழ்கிற எங்களுக்கு அதைவிட நல்ல சுவர் எது? மூன்று பேருமே அதை ஒப்புக்கொண்டோம்.

முதலில் விட்ட அம்புகள் குறிக்குக் கீழே போய் உப்பில் சொருகின. "பாதிதான் இழுக்குறே" என்றார் அவள் அப்பா. அவள் காலை அகட்டி நின்றாள். தோள் பின்னால் போனது. நாண் அவள் தாடையைத் தொட்டது. அவ்வளவு நேரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்த அந்தக் குழந்தை எங்கே போனாள் என்று தெரியவில்லை. ஒரு பெரிய பெண் அங்கே நின்றாள். நாண் விட்ட சத்தம் மட்டும் கேட்டது. அம்பை நான் பார்க்கவே இல்லை. அது குவியலுக்கு மேலே, கீற்றையும் தாண்டிப் போய்விட்டது.

 பிறகு குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "யாரு அது?"

எங்களிடம் வேலை செய்கிற ஓர் அக்கா. வீட்டுக்குப் போகாமல் குவியலின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஈரக் கரையில் அம்பு சொருகி நின்றது. அதற்கும் அவள் தூக்குச் சட்டிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. சட்டிக்கு அந்தப் பக்கம் அவள் முழங்கால்.

அவள்தான் முதலில் பேசினாள். "சோத்துல ஈ வுழும், எறும்பு வுழும். அம்பு வந்து வுழுந்து இன்னிக்குத்தான் பாக்குறேன்." பிறகு என் பின்னால் வெளுத்துப்போய் நின்ற மகளைப் பார்த்து, "பாப்பா, எனக்குக் குறி வெச்சியா, என் கருவாட்டுக்கா?" என்றாள்.

கணவர் அசட்டுத்தனமாகச் சிரித்தார். மகள் அழுதாள். அந்த அக்காவே அம்பைப் பிடுங்கி, புடவையில் சேற்றைத் துடைத்து, அவள் கையில் கொடுத்தாள். நாங்கள் அவளுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். ஓர் உயிருக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டு டீயும் வடையும். அதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்றிரவு படுத்தபோது என் கண்ணுக்குள் வந்தது அந்த அக்காவின் முழங்கால் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் என் மகள். நான் செய்த பொருளால் என் மகள் ஒரு கொலைகாரி ஆகியிருப்பாள். அந்த நினைப்பு என்னைப் புரட்டிப் போட்டது. அடுத்தவள் பிழைத்ததைவிட என் பிள்ளை தப்பித்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

வில்லை எடுத்து வைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மகள் ஏற்கவில்லை. கணவரும் "ஒண்ணும் ஆவலயே, இனிமே பாத்து வுடுவா" என்று முடித்துவிட்டார். அவர்கள் சொன்னதில் தவறில்லை. அம்பு விடுவதற்கு முன் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்திருந்தால் போதும். அந்த நடையை மூன்று பேரில் ஒருவரும் நடக்கவில்லை. அதைச் செய்வதை விட்டுவிட்டு நான் வேறொன்று செய்தேன்.

கடலோரக் காற்றில் வார்னிஷ் சில சமயம் வெளுத்துவிடும். பால் சிந்திக் காய்ந்ததைப்போல மேலே ஒரு புகை படியும். அதைத் தேய்த்து எடுத்துத் திரும்பப் பூச வேண்டும். எங்கள் வில்லிலும் ஓரிடத்தில் அப்படி ஆகியிருந்தது. "பட்டைய மட்டும் கழட்டிக் குடு, பட்டறைல சரி பண்ணி எடுத்தாறேன்" என்றேன். அவள் நம்பிக்கையோடு கழற்றி, ஒரு பழைய துப்பட்டாவில் சுற்றிக் கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வெளுப்பைத் தேய்த்தேன். பிறகு கண்ணாடிச் சில்லை எடுத்தேன். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், இரண்டும் ஒரேபோல. வளைவு கெடக்கூடாது, பார்வைக்கு எதுவும் தெரியக்கூடாது. வில் செய்த காலத்தில்கூட என் கை அவ்வளவு நிதானமாக ஓடியதில்லை. சுரண்டிய இடத்தை உப்புத்தாளால் மழுப்பி, மேலே வார்னிஷ் பூசினேன். யாருக்கும் தெரியாமல் செய்த அந்த வேலையில்தான் நான் முழுத் தச்சுக்காரி ஆனேன்.

அடுத்த சனிக்கிழமை வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "அம்மா, இந்த வாரம் நாணு வெண்ணெ மாரி வருதும்மா. கையில பலம் ஏறிடுச்சு எனக்கு."

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அம்பு கொஞ்சம் மெதுவாகப் போகும், தூரம் குறையும், யாருக்கும் அடிபடாது என்று மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று யோசிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துத் தோளைக் காட்டினாள். தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நான் தொட்டேன். எந்த மாற்றமும் இல்லாத, மெலிந்த, என் மகளின் தோள். "ஆமாண்டி, நல்லா ஏறியிருக்குது" என்று சொல்லிக் கைதட்டினேன்.

பொய்யை ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். அவள் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு அது இன்னும் சுலபமாகிவிட்டது. எனக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி என்று மனசுக்குள் ஒரு கணக்கு எழுதிக்கொண்டேன். வார்னிஷ் திரும்ப வெளுத்தது. வெளுக்காதபோதும் வெளுத்ததாகச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் துப்பட்டாவில் சுற்றிய பட்டைகள் என் கைப்பையில் ஏறின. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிந்து வீட்டுக்குத் திரும்பின. வில் தளரத் தளர அம்பு குறிக்குக் கீழே விழ ஆரம்பித்தது. அவள் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தாள். பிறகு விரலை விடுவதில் தப்பு என்று நினைத்தாள். கண்ணாடி முன்னால் நின்று விரலை விட்டு விட்டுப் பழகினாள். "அம்பு ஏம்மா இறங்குது?" என்று ஒருநாள் என்னையே கேட்டாள். உப்புக் காற்றுப் பட்டால் மூங்கில் கொஞ்சம் இளகும், அதனால் இருக்கலாம், ஆனால் கைப்பலம் உன்னுடையதுதான் என்று சொன்னேன். எங்கள் ஊரில் எதற்கும் உப்புக் காற்றைச் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். பூட்டு துருப்பிடிப்பதும் சுவர் பொரிவதும் டிவி கெடுவதும் அதனால்தானே. அவளும் கேட்கவில்லை. கொஞ்சம் மேலே குறிவைக்கப் பழகிக்கொண்டாள்.

அந்த நாட்களில் அவள் நடையே மாறியிருந்தது. தண்ணீர் கேனை ஒற்றைக் கையில் தூக்கி வருவாள். அப்பாவோடு மேசையில் கையூன்றிப் பலம் பார்ப்பாள். அவர் வேண்டுமென்றே தோற்பார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து அவளுக்குப் பலம் இருக்கிறது என்று நாடகம் ஆடிக்கொண்டிருந்தோம். அவருக்குத் தன் பங்கு விளையாட்டு என்று தெரியும். என் பங்கு என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. நானும் கூடப் போனேன். அன்று யாரும் சொந்த வில்லைத் தொடக்கூடாது, எல்லோருக்கும் மைதானத்தின் ஒரே வில்தான் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அம்பு இல்லாமல் முதலில் நாணை முழுதாக இழுத்து நிறுத்திக் காட்ட வேண்டும். அவர் இறக்கிவிடு என்று சொல்லும்வரை அப்படியே நிற்க வேண்டும். முன்னால் போன பிள்ளைகள் இழுத்தார்கள், நின்றார்கள். அவளைவிடச் சின்னதாக, ஒல்லியாக இருந்த ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டாவது நின்றாள்.

என் மகள் சிரித்துக்கொண்டுதான் வில்லை வாங்கினாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது. வழக்கமான வேகத்தில் இழுத்தாள். நாண் பாதியில் நின்றுவிட்டது. வில்லில் எதுவோ சிக்கியிருக்கிறது என்று நினைத்தவள்போல அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். தோள் உதறியது. கழுத்து நரம்பு புடைத்தது. தாடைக்கு வரவேண்டிய நாண் மூக்குக்கு எட்டாத தூரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. பயிற்சியாளர் கோபப்படவில்லை. "பரவால்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தட்டிக்கொடுத்து வில்லை வாங்கிக்கொண்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நான் வேறெங்கோ பார்த்தேன்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பஸ் அனுமந்தையைத் தாண்டியது. பிறகு, இனிமேல் போகப்போவதில்லை என்று மட்டும் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதல் சொல்லும் தாய் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அன்று கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். அவர் கெட்டவர் இல்லை. பேச்சைக் குறைத்துச் சிக்கலைக் குறைக்கப் பார்ப்பவர். "சொல்லி இன்னா ஆவப்போவுது? அவளே வேணாம்னு வுட்டுட்டா. உனக்கும் அதானே வேணும்?" என்றார்.

அதுதான் எனக்கும் வேண்டியது. அதை மறைத்துப் பயனில்லை. அவள் வில்லைத் தொடாத அந்த நாட்களில் என் நெஞ்சு இலகுவாக இருந்தது. சனிக்கிழமை காலைகளில் அவள் வீட்டில் தூங்கினாள், நான் தோசை வார்த்தேன். அம்பும் இல்லை, விடுதியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. இவ்வளவு சுலபமாகக் கிடைத்த நிம்மதியை எப்படி வேண்டாமென்று சொல்வது? ஆனால் அவள் தண்ணீர் கேனை இரண்டு கையாலும் தூக்க ஆரம்பித்திருந்தாள். பள்ளியில் கோ-கோ ஆடக் கூப்பிட்டபோது வரவில்லை என்று சொன்னதாகத் தோழி சொன்னாள். அப்பா மேசையில் கையை ஊன்றிக் கூப்பிட்டால், "போப்பா, நீ சும்மா தோப்பே" என்று எழுந்து போனாள்.

ஒரு மாலை வில்லைத் துடைத்து மூன்றாகக் கழற்றி, பையில் போட்டு, அடுப்படிக்கு எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள்.

"சாரிம்மா. ஞாயித்துக்கெழம கூட லீவு இல்லாம இத செஞ்சே. இதுக்கேத்த கை எனக்கு இல்ல. யாருக்காச்சும் குடுத்துடு."

அடுப்பை அணைத்தேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். வேறு எதைக் கேட்டிருந்தாலும், எவ்வளவு திட்டியிருந்தாலும், நான் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். இதைத் தாங்க முடியவில்லை.

"உன் கையில ஒரு கொறையும் இல்லடி. வில்லுலதான். பட்டைய நான் சொரண்டிட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "வார்னிஷ் போட எடுத்துட்டுப் போனியே, அப்பவா?"

"அப்பல்லாம்."

"ஏன்?"

"அந்த அம்பு அக்காகிட்டப் போய் வுழுந்ததுலேந்து எனக்கு பயம்."

அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்கேயோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. எந்த வாரம் நாண் இலகுவானது, எந்த வாரம் அம்பு இறங்கியது, எந்த வாரம் கண்ணாடி முன் நின்று விரலைப் பழக்கினாள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்.

"பலம் வந்துடுச்சுன்னு நான் குதிச்சனே, அப்ப நீ கைதட்டுனியே. அது எதுக்கு?"

 பயந்ததற்குக் காரணம் சொல்ல முடியும். சுரண்டியதற்கும் சொல்ல முடியும். கைதட்டியதற்கு ஒரு தாய் என்ன சொல்லுவாள்?

"அது மட்டும் செஞ்சிருக்க வேணாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் கத்தவில்லை, சாப்பிடாமல் இருக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தாள். ஆனால் ஜடை பின்னிவிட என்னைக் கூப்பிடுவது நின்றுபோனது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தானே பின்னிக்கொண்டாள். வகிடு கோணலாக இருக்கும். சரிசெய்யக் கை போகும். இழுத்துக்கொள்வேன்.

அவளேதான் வந்து பேசினாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசற்படியில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னிக்குக் குவியலத் தாண்டிப் போச்சே. அப்ப வில்லு முழுசாதானே இருந்துச்சு?"

"ஆமா. நான் இன்னும் கை வெக்கல."

"அப்ப அது நான் இழுத்ததுதான்."

"நீ இழுத்ததுதான்."

நான் என் வாழ்நாளில் மிகவும் பயந்த அந்த ஓர் அம்புதான் அவளிடம் மிஞ்சியிருந்த உண்மையான அம்பு. அதை வைத்துக்கொண்டு அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, பட்டையை மட்டும் புதிதாகச் செய்துதரச் சொன்னாள். முன்பிருந்த அதே பலத்தில். தானும் பட்டறைக்கு வருவதாகச் சொன்னாள். "சொரண்டுறது எல்லாம் நான் செய்வேன். நீ எட்ட நின்னு வளைவு மட்டும் சொல்லு."

கழலும் வில் என்பதால் கைப்பிடிக் கட்டை அப்படியே பயன்பட்டது. புது மூங்கிலை நான் பிளந்தேன், அவள் இழைத்தாள். பசையை நான் கலந்தேன், அவள் தடவினாள். டியூபைச் சுற்றும்போது மட்டும் நான்கு கைகள் தேவைப்பட்டன. அப்போது ஒருவர் விரல் மேல் ஒருவர் விரல் பட்டது. பேச்சு என்று பெரிதாக எதுவும் இல்லை. "இழு", "விடு", "இன்னும்", அவ்வளவுதான். பசை இறுகிய பிறகு வில்லைச் சுவரில் மாட்டி நாணை இழுத்தோம். நான் எட்ட நின்று, மேல் பட்டை நடுவில் விறைப்பாக இருக்கிறது என்றேன். அவள் கண்ணாடிச் சில்லை எடுத்துச் சுரண்டினாள். இரண்டு இழுப்பு, பிறகு நிறுத்தித் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். நான் போதும் என்று சொன்னால் உடனே நம்பமாட்டாள். தானே ஒருமுறை எட்ட வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஓரிடத்தில் சில்லு ஆழமாக இறங்கிவிடப் பார்த்தது. அதைத் தடுக்க என் கை தானாக நீண்டது. அவள் உடம்பைத் திருப்பிப் பட்டையை என்னிடமிருந்து மறைத்துக்கொண்டாள். யோசித்துச் செய்ததில்லை, அடுப்பில் சுட்டுக்கொண்டவள் கையை இழுப்பதைப்போல. நான் தள்ளிப்போய் ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

தராசில் மாட்டியபோது முள் பழைய இடத்துக்கே வந்தது. அதைக் கையால் இழுக்க அவளால் முடியவில்லை. இத்தனை மாதமும் மெலிந்த வில்லை இழுத்துப் பழகிய கை. நான் அவளிடமிருந்து எடுத்தது மூங்கில் தூள் மட்டும் இல்லை என்று அப்போது தெரிந்தது. அவள் அழவில்லை. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் அம்பில்லாமல் இழுத்து, மெதுவாக இறக்கி, மறுபடி இழுத்தாள். இப்போது நாண் உதடுவரை வருகிறது. தாடைக்கு இன்னும் வரவில்லை.

இப்போது அவள் அம்பு விடுவது உப்புக் குவியலுக்கு எதிரே இல்லை. கைவிடப்பட்ட ஒரு பாத்தியின் உயர்ந்த மண்கரைக்கு எதிரே. அவள் வில்லைத் தூக்குவதற்கு முன் நான் கரையைச் சுற்றி அந்தப் பக்கம் நடந்து பார்த்துவிட்டு, கை தூக்கிக் காட்டுவேன். யாராவது வந்துவிடாமல் கரை முனையிலேயே நிற்பேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. அதை நான் வெளியே சொல்வதில்லை.

பட்டறையிலிருந்து அவள் ஓர் அளவி வாங்கி வைத்திருக்கிறாள். மரத்தின் கனத்தை இரண்டு முனைகளுக்கு நடுவே பிடித்து அளக்கும் சின்ன ஸ்டீல் கருவி. வில்லைப் பூட்டுவதற்கு முன், ஒவ்வொரு பட்டையிலும் தான் பென்சிலால் குறித்த இடங்களில் வைத்து அளக்கிறாள். என் முன்னாலேயே செய்கிறாள், குத்திக்காட்டுவதற்காக இல்லை. நாண் நைந்திருக்கிறதா, போல்ட் இறுக்கமா என்று பார்ப்பதைப்போல இதையும் பார்க்கிறாள். அவளுக்கு அது வில் பூட்டுவதில் ஒரு வேலை.

போன வாரம் மழை வரும்போல இருந்தது. அவசர அவசரமாகப் பையைப் பிரித்து, பட்டையை எடுத்து, நேராகக் கைப்பிடியில் வைத்து போல்ட்டைத் திருகத் தொடங்கினாள். நான் ஒரு நொடி பேசாமல் நின்றேன். பேசாமலே இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவள் என்னை நம்பிவிட்டாள் என்று வீட்டுக்குப் போய் சந்தோஷப்பட்டிருக்கலாம்.

"அளந்துட்டுப் பூட்டு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போல்ட்டைத் திருப்பிக் கழற்றிவிட்டு, பையில் கையை விட்டு அளவியைத் தேடினாள். நான் மண்கரையைச் சுற்றிப் பார்த்து வர நடந்தேன்.